தேய்ந்த டயரின் இரண்டாம் ஆயுள்

சின்னமனூர் போன்ற ஊரில் ஒரு அம்பாசிடரோ மகிந்திரா ஜீப்போ இருபது, முப்பது ஆண்டுகள் ஓடியதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து இரும்பு கெட்டி என்பது ஒன்று. நம் சனங்கள் எதையும் லேசில் தூக்கிப் போடமாட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் வண்டிகள் ஓடிய நூறாண்டுக் கதையை வரிசைப்படுத்திப் பார்த்தால், பழைய வண்டியை ரோட்டில் வைத்திருப்பதா, எடைக்குப் போடுவதா என்ற முடிவு பெரும்பாலும் டயரைச் சுற்றியே நடந்திருக்கிறது. எஞ்சினைப் பிரித்துக் கோக்கலாம், பாடிக்கு ஒட்டுப் போடலாம், உடைந்த பட்டையைக் கொல்லர் பட்டறையில் சரிசெய்யலாம். ஆனால் டயரை ஒரு கிராமத்துப் பட்டறையால் புதிதாகச் செய்ய முடியாது. அதற்கும் இரண்டாம் ஆயுள் கொடுக்க ஒரு வழி இருந்தவரை பழைய வண்டிகள் வாழ்ந்தன. கார்களுக்கு அந்த வழி அடைபட்டதும் அவற்றின் கணக்கு மாறிவிட்டது.

இந்தப் பள்ளத்தாக்கில் டயருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு நில அமைப்பே முதல் சாட்சி. மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. தேனியிலிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் நெல், வாழை, திராட்சை நிலங்களுக்குத் தண்டவாளம் வரவே இல்லை. வந்த போடிப் பாதையும் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்க்கப்பட்டு, 1950-களில்தான் மீண்டும் போடப்பட்டது. ஆக, 1895-இல் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிடப்பட்ட பிறகு பெருகிய விளைச்சல் முழுவதும் சக்கரத்தில்தான் வெளியே போயாக வேண்டும். அந்த அணையைக் கட்டுவதற்கான தளவாடங்களே அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டிகளில் பள்ளத்தாக்கின் நீளம் முழுவதையும் கடந்துதான் மலையடிவாரம் சேர்ந்தன. மேற்கே கேரளத்துக்குப் போக குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள். போடிமெட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூருக்குக் கிழக்கே தென்பழனி வழியாக மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் பாதையில் 18 வளைவுகள். சமவெளியில் டயரை ஓடும் தூரம் தேய்க்கிறது. மலையில் வளைவும் பிரேக்கும் தேய்க்கின்றன. வளைவில் முன்சக்கரம் திரும்பும்போது ரப்பர் உருள்வதோடு நிற்காமல் பக்கவாட்டில் இழுபடுகிறது. வெளி ஓரம் முதலில் கரைகிறது. பாரத்தோடு இறங்கும்போது பிரேக் டிரம்மின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறுகிறது. சூடேறிய ரப்பர் இன்னும் வேகமாகத் தேயும். மேகமலைப் பாதை பல ஆண்டுகள் கல்லும் குழியுமாகக் கிடந்து, பின்னர்தான் புதிதாகப் போடப்பட்டது. சாலைப் பராமரிப்புக்கு ஒதுக்கப்படாத அந்தப் பணத்தை அத்தனை ஆண்டுகளும் ஜீப் வைத்திருந்தவர்கள்தான் டயராகக் கட்டினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

டயரைக் காப்பாற்றுவதே வண்டித் தொழிலின் பாதி என்பதை மதுரை வட்டாரம் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. 1911-இல் மதுரையில் நிறுவனம் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்து விட்ட காலத்தில், சாலையெங்கும் மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் கிடந்தன. அவற்றை எடுக்கக் காந்தம் பூட்டிய வண்டியைப் பாதையில் ஓடவிட்டார்கள் என்பது அந்த நிறுவனத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் செய்தி. வெறும் நேர ஒழுங்குக்காக ஒருவர் இந்தச் செலவைச் செய்திருக்க மாட்டார். ஒரு டயரின் விலை அந்தச் செலவை நியாயமாக்கியிருக்க வேண்டும். பிறகு போர் வந்தது. 1942-இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போனதும், உலக ரப்பரின் பெரும்பகுதி நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போயிற்று. இங்கே பெட்ரோலுக்கும் டயருக்கும் கட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டுக்கு சுந்தரம் அய்யங்கார் கண்ட விடை, கரியில் ஓடும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். டயர் தட்டுப்பாட்டுக்கு அன்று இருந்த விடை, தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங். டயர் ரீட்ரேடிங் தொழிற்சாலை ஒன்றையும் அவர் நிறுவினார். எளிய தொழில் இல்லை இது. ரப்பர், நூல், சூடு, அழுத்தம் நான்கும் அறிந்தவர் வேண்டும். அந்த அறிவு மதுரைச் சீமையில் போரின் நெருக்கடியிலிருந்து வளர்ந்தது.

ரப்பரோ மலைக்கு அந்தப் பக்கத்திலேயே விளைந்தது. கேரளத்தில் பெரியாற்றின் கரையில் தட்டேக்காட்டில் 1902-இல் வணிக ரீதியான ரப்பர் தோட்டம் தொடங்கியது. குமுளியிலிருந்து இறங்கும் கே.கே. ரோடு போய்ச் சேரும் கோட்டயம்தான் பின்னாளில் ரப்பர் வாரியத்தின் தலைமையிடம். நம் வயலுக்குத் தண்ணீர் தந்த ஆற்றின் கரையில்தான் கீழே ரப்பரும் வளர்ந்தது. ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் புது டயர் என்பது லைசென்சும் வரியும் தட்டுப்பாடும் சேர்ந்து விலை ஏறிய பொருளாகவே இருந்தது. அந்த இடைவெளியில்தான் 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952-இல் ரீட்ரேடிங்குக்கான டிரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். நான்கே ஆண்டுகளில் அந்தச் சந்தையில் பாதி அவருடைய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் கையில். அந்நிறுவனம் முழு டயர் செய்யத் தொடங்கியது 1961-இல். இன்று நாட்டின் பெரிய டயர் நிறுவனங்களில் ஒன்றாக இருப்பது, முதலில் பழைய டயருக்கு மேல்தோல் விற்று வளர்ந்தது என்ற வரிசை கவனிக்கத்தக்கது. தேய்ந்த டயர்களின் சந்தை புது டயர் ஆலைக்கே முதல் போடும் அளவுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

ஊர் வழக்கில் ரீபட்டன் எனப்படும் இந்த வேலையின் தர்க்கம் செருப்புக்கு அடித்தோல் மாற்றுவது போன்றது. டயரின் பொருளிலும் உழைப்பிலும் பெரும்பங்கு உள்ளே இருக்கும் கூட்டில், அதாவது நைலான் அடுக்குகளிலும் ரிம்மைப் பிடிக்கும் கம்பி வளையத்திலும் அடங்கியிருக்கிறது. சாலையில் கரைவது மேலே உள்ள பட்டன் மட்டும். கூடு நல்லதாக இருந்தால், மிச்சப் பட்டனைச் சுரண்டி எடுத்து, பசை பூசி, புது ரப்பரை ஒட்டி, அச்சில் வேகவைத்தால் டயர் மறுபடி ஓடும். செலவு புதியதில் மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையே. அந்தக் கால வண்டிகளின் அளவுகள் இதற்கு ஒத்துழைத்தன. அம்பாசிடருக்கு 5.90-15, ஜீப்புக்கு 6.00-16. இரண்டே அச்சுகள் இருந்தால் ஒரு பட்டறை தன் வட்டாரத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடிவதற்குள் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கங்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் மலையேற முடிந்தது இந்தக் கணக்கினால்தான்.

இங்கேதான் சிக்கன குணம் என்ற விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். குணம்தான் காரணம் என்றால், அந்தப் பழக்கம் எல்லா வண்டிகளிலும் ஒரேபோலத் தேய வேண்டும், அல்லது ஒரேபோல நீடிக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. இந்தியாவில் கார்களுக்கான ரேடியல் டயரை ஜே.கே. டயர் 1977-இல் கொண்டுவந்தது. 1983 இறுதியில் மாருதி வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் கார் டயர் ஏறத்தாழ முழுவதும் ரேடியலாகி, பிறகு ட்யூபும் போயிற்று. கார்களில் ரீபட்டன் மறைந்தது. அதே ஊரில், சில சமயம் அதே குடும்பத்தில், வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றும் லாரிகளுக்கு ரீபட்டன் தொடர்ந்தது; அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அதற்கென்றே கூடங்கள் வைத்து நடத்தின. குணம் ஒன்றாக இருக்க, பழக்கம் மட்டும் ஏன் பிரிந்தது? லாரிக்கும் பேருந்துக்கும் 9.00-20, 10.00-20 என்று விரல்விட்டு எண்ணும் அளவுகள்; பாரம் தாங்கும் கனத்த கூடு; இரண்டு மூன்று தரம் பட்டன் மாற்றினாலும் தாங்கும். கார்களிலோ பன்னிரண்டு அங்குலத்திலிருந்து பதினேழு வரை, அகலமும் உயரமும் மாறி மாறி எத்தனையோ அளவுகள். பக்கச்சுவர் மெலிந்த கூடு. ஒரு சிற்றூர்ப் பட்டறை எத்தனை அச்சுகளை வாங்கி வைக்கும்? புது டயரின் விலையும் கூலியோடு ஒப்பிடும்போது இறங்கிவிட்டது. கடனும் எக்ஸ்சேஞ்ச் சலுகையும் புது வண்டியை எளிதாக்கின என்பதையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவை லாரிக்கும் உண்டு. ஆகவே வேறுபாட்டை விளக்குவது கூடும் அச்சும்தான்.

ஒரு வலுவான மறுப்பு உண்டு. வண்டிச் செலவில் எரிபொருள் எங்கே, டயர் எங்கே என்று கேட்கலாம். நான்கு டயர் 16,000 ரூபாய், அவை 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 40 பைசா. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 15 கிலோமீட்டர் தரும் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 பைசா. மலைப்பாதையில் டயர் பாதி தூரமே உழைத்தாலும் 80 பைசாதான். கணக்கு சரி. ஆனால் பழைய வண்டியின் சாவை முடிவு செய்வது கிலோமீட்டர்க் கணக்கல்ல. பெட்ரோல் அன்றன்றைக்கு, அன்றைய வருமானத்திலிருந்து போகிறது. டயர் மொத்தமாகக் கேட்கிறது. அதைவிட முக்கியம், வண்டியின் மதிப்பு ஆண்டுக்காண்டு இறங்குகிறது, டயர் விலை இறங்குவதில்லை. ஆறு லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு அந்த 16,000 மூன்று சதவீதம்கூட இல்லை. அதே வண்டி 80,000 ரூபாய்க்கு இறங்கியபின் அது மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. பழைய வண்டியில் டயர் தனியாகவும் வருவதில்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ கிங்பின்னோ புஷ்ஷோ போயிருக்கிறது. அங்கங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது. அவற்றைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதையும் ஓராண்டில் தின்றுவிடும். இதோடு 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய காரை வைத்திருப்பவர் டயர், பழுது, கட்டணம் மூன்றையும் ஒரே மாதத்தில் சந்திக்கும்போதுதான் வாங்குபவரைத் தேடத் தொடங்குகிறார்.

ரீபட்டன் ஆபத்தானது, அது ஒழிந்ததே நல்லது என்பது அடுத்த மறுப்பு. நெடுஞ்சாலையில் உரிந்து கிடக்கும் ரப்பர்ப் பட்டைகளைப் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் உலகெங்கும் விமானங்களின் டயர்களுக்கே பல முறை பட்டன் மாற்றுகிறார்கள். அங்கே ஒவ்வொரு கூடும் சோதிக்கப்படுகிறது, வரலாறு எழுதி வைக்கப்படுகிறது. கெட்டுப்போன கூட்டுக்கு மேல் வேலை செய்வதும், காற்றுக் குறைவாக, பாரம் அதிகமாக ஓட்டுவதும்தான் பட்டனை உரிக்கின்றன. காற்றுக் குறைவும் அதிகப் பாரமும் புது டயரையும் வெடிக்கவைக்கும். முன்சக்கரத்தில் ரீபட்டன் போடாதே என்ற டிரைவர்களின் பழைய விதி சரியானது, இறக்கத்தில் அது உயிர் காத்திருக்கிறது. என் கவலை வேறிடத்தில். கார்களுக்கு ரீபட்டன் போனபின் அந்த இடத்துக்கு வந்தது புது டயர் மட்டும் அல்ல. வேறு வண்டிகளிலிருந்து கழற்றிய செகண்ட்ஸ் டயரும் வந்தது. பட்டறையில் பட்டன் மாற்றியவர் கூட்டைக் கையால் தடவிப் பார்த்தார், உள்ளே வெட்டு இருந்தால் திருப்பி அனுப்பினார். கழற்றி விற்கும் டயருக்கு அந்தச் சோதனைகூட உறுதி இல்லை. பட்டன் நன்றாகத் தெரியும், ரப்பரோ இறுகிப்போயிருக்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. அது தேய்மானத்தை அளக்கிறது, வயதை அளப்பதில்லை. பழைய கார் குறைவாகவே ஓடுகிறது. வாரச் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எடுக்கிற வண்டியில் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடுகிறது. பள்ளத்தாக்கின் வெயிலில் நின்றே வெடிப்பு விடுகிறது. பத்து ஆண்டுக்கு மேல் எந்த டயரையும் ஓட்டாதீர்கள் என்று பெரிய உற்பத்தியாளர்கள் சிலரே சொல்கிறார்கள். ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் நான்கு இலக்கம் பொறித்திருக்கிறது: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. தகுதிச் சான்றுக்கு (எப்.சி.) வரும் வண்டியில் இந்த நான்கு இலக்கத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும். தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் இறங்குகிற பழைய ஜீப்புகளில் அதைக் கட்டாயமாகப் படிக்க வேண்டும். அந்த ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் தொழிலாளர்கள் டயருக்குப் பணம் கொடுப்பவர்கள் அல்லர். எந்த டயரைப் போடுவது என்ற முடிவிலும் அவர்களுக்கு இடமில்லை. ஜீப் வைத்திருப்பவர் மாட்டும் செகண்ட்ஸ் டயரில் மிச்சமாகும் தொகை அவருக்குப் போகிறது. அந்த டயர் வளைவில் வெடித்தால் விலை கொடுப்பது அந்தப் பெண்கள். ஒரு நாள் கூலிக்காக மலையேறுபவர்களின் வண்டிக்கு நல்ல டயர் போடுவதற்கான செலவில் தோட்ட முதலாளிகளும் பங்கு ஏற்பதே நியாயம். ஆட்கள் வந்து சேர்ந்தால்தான் ஏலக்காய் பறிபடும்.