உப்புக்காற்றும் ஒரு மதர்போட்டும்

திருகோணமலையில் கணினி திருத்துகிறவனுக்கு வாடைக்காற்று தொடங்கினால் கை ஓயாது. ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். நடுவில் நீண்டு கிடக்கிறது நகரம். எந்தத் திசைக் காற்றும் உப்போடுதான் வரும். பெட்டிக்குள் இருக்கும் மின்விசிறி அந்தக் காற்றைத்தான் நாள்முழுக்க உள்ளிழுக்கிறது. மாரி ஈரத்தில், படிந்த தூசி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். மூடியைக் கழற்றினால் திருகாணிகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, நெட்வேர்க் வயர் செருகுமிடத்தில் பச்சைக் களிம்பு. ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துப் போட்டால் சில நேரம் உயிர் வரும். வராவிட்டால் பெரும்பாலும் மதர்போட் போயிருக்கும்.

இந்த ஊரில் முதலில் சாகிற பாகம் அதுதான். மைக்ரோசொப்ட் வின்டோஸ் உரிமத்தைக் கட்டிவைத்ததும் அதே பாகத்தோடுதான். எங்கள் தொழிலின் கதை இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தது.

தொண்ணூறுகளில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. அச்சகங்களில் பாமினி எழுத்துருவில் கலியாணக் கார்டு அடித்த வின்டோஸ் 95, 98 இரண்டுக்கும் ஒரு சாவி இலக்கம் போதும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாகம் வாங்கி வந்து மாற்றுவோம். அதே இலக்கத்தைத் திரும்ப அடிப்போம். உரிமம் என்று எவரும் கேட்டதில்லை. கேட்காதது சரியென்று நான் சொல்லமாட்டேன். மென்பொருளும் ஒருவரின் உழைப்புத்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்புக் கொடுத்தது.

2001 ஒக்டோபரில் வந்த வின்டோஸ் எக்ஸ்பியோடுதான் எல்லாம் மாறியது. போட்டு 30 நாளுக்குள் அக்டிவேட் செய்ய வேண்டும். புரொசசர், ராம், ஹாட் டிஸ்க், நெட்வேர்க் கார்ட் என்று பத்து விஷயங்களை அது குறித்துவைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மாறினால் பேசாமல் இருக்கும். பல ஒன்றாக மாறினால் இது வேறு கணினி என்று முடிவுகட்டி, திரும்ப அக்டிவேட் செய்யச் சொல்லும். ஒரு மதர்போட்டை மாற்றினாலே அந்தப் பட்டியலில் பாதி மாறிவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் நகரத்தில் அலுவலகம் திறந்தன. பக்கவாட்டில் சாவி இலக்கத்தோடு அசல் ஸ்டிக்கர் ஒட்டிய கொம்பனிக் கணினிகள் எங்கள் மேசைக்கு நிறைய வரத் தொடங்கியது அப்போதுதான். அவற்றோடு வந்த விதியையும் அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். கணினியோடு சேர்த்து விற்கப்படும் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும். கணினி என்றால் மதர்போட். அது பழுதாகி மாற்றினால் புது உரிமம் வேண்டியதில்லை. ஆனால் மாற்றுவது அதே மொடலாகவோ, தயாரித்த கொம்பனி ஈடாக ஏற்கும் பலகையாகவோ இருக்க வேண்டும். நாலைந்து வருடப் பழைய மொடலுக்கு அதே பலகையைக் கொழும்பிலேயே தேடிப் பிடிப்பது கஷ்டம்.

உப்புவெளியில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருந்தார். வினாத்தாள் தட்டச்சு செய்வதற்காகச் சேமித்த காசில் வாங்கிய கணினி. பலகை போனதும் கேட்டார்: "தம்பி, வின்டோசுக்கும் சேர்த்துத்தானே காசு கட்டினனான்? பலகை செத்தால் அதுவும் சாகுமோ?"

2005 முதல் பெரிய கொம்பனிகளின் ஸ்டிக்கர் இலக்கத்தை இணையத்தில் அக்டிவேட் செய்ய முடியாமல் போனது, தொலைபேசிதான் வழியாக இருந்தது. திரையில் ஆறாறாக நின்ற இலக்கங்களை நான் வாசிக்க, மறுமுனையில் இருந்தவர் பலகை ஏன் மாறியது என்று கேட்டார். பழுது என்றேன். ஏழு பெட்டிகளை நிரப்பும் 42 இலக்கங்களை அவர் சொல்லச் சொல்ல, ரீச்சர் கொப்பியில் எழுதித் திரும்ப வாசித்துச் சரிபார்த்தார். திரை திறந்தது. விதியைவிட அந்தத் தொலைபேசிக்காரர் நியாயமானவர் என்று இன்றும் நினைக்கிறேன்.

தனிப் பெட்டியில் விற்ற சில்லறை உரிமத்துக்கு இந்தக் கட்டு இல்லை. பழையதிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். 2006இல் விஸ்டாவுக்கு அதையும் ஒரே தடவை என்று குறைக்கப் பார்த்தார்கள். சொந்தமாகக் கணினி பூட்டுகிறவர்கள் கொதித்தெழ, நவம்பரில் பின்வாங்கினார்கள். எங்கள் மாதிரி ஊருக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் விலை கூடியதால் அந்தப் பெட்டியை இங்கே வாங்கியவர்கள் குறைவு.

வின்டோஸ் 8 காலத்தில் ஸ்டிக்கரும் போனது; கொம்பனிக் கணினிகளில் சாவி பலகையின் சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டு வந்தது. பலகை உப்பில் செத்தால் சாவியும் அதோடு போகும். 2016 ஓகஸ்டில் வின்டோஸ் 10க்கு வந்த அப்டேட்தான் ஒரு வழி விட்டது: உரிமத்தை மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்துவைத்தால், பாகம் மாற்றியபின் அந்தக் கணக்கால் நுழைந்து, வன்பொருளை மாற்றினேன் என்று தெரிவித்து மீட்கலாம். கணினியோடு வந்த உரிமத்துக்குப் பழைய விதி இன்னும் அப்படியேதான்.

அதனால் களிம்பு பிடித்த பெட்டி வந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிமம் எந்த வகை, எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்துவிடுவேன். பாதிப் பேருக்குத் தெரியாது. கணக்கைத் திறந்து கொடுத்த மகன் கட்டாரில் இருப்பான். அவனுக்கு வட்ஸ்அப் போட்டுக் கடவுச்சொல் வந்த பிறகுதான் திருகாணியில் கை வைப்பேன்.