தங்கவயலின் எட்டு ஆரச் சக்கரம்



"சொந்த ஊர் எதுங்க?" என்று இங்கே டெட்ராய்ட் பக்கம் யாராவது தமிழர் கேட்டால், "கோலார் தங்கவயல்" என்பேன். உடனே, "ஓ, அந்தப் படமா?" என்பார்கள். 2018ல் வந்த கன்னடப் படத்தின் புண்ணியம். அதுக்கு முன்னாடி, "கர்நாடகாவா? அப்போ தமிழ் எப்படி?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் வீட்டில் பிள்ளைகள் கேட்கும்போது அப்படி நகர முடியாது இல்லையா?

தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இவ்வளவுதான்: 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது (பெங்களூருக்கே 1905ல்தான்!), சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது, 1965ல் சுரங்கத்துக்குள் நியூட்ரினோ ஆராய்ச்சி நடந்தது, 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கீழே இறங்கி வெட்டினவன் மேலே வந்து என்ன யோசித்தான், என்ன படித்தான் என்று இதில் ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரியைத்தான் ஒரு சக்கரத்தை வைத்து எழுதப் போகிறேன்.

போன மாதம் முழுக்க வார இறுதிகளில் கராஜில் உட்கார்ந்து உடைந்த டைல்ஸ் துண்டுகளால் ஒரு தம்மச் சக்கரம் பதித்துக்கொண்டிருந்தேன். எட்டு ஆரம், நடுவில் குடம், சுற்றிலும் வட்டை. பெரிய மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்களா? இது ஸ்டியரிங் வீல்தானே?" என்றாள். (கார் கம்பெனியில் வேலை பார்ப்பவன் வீட்டில் வேறென்ன கேட்கும்?) அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் வட்டம். இரண்டடிக்கு இரண்டடி சிமெண்ட் பலகையில் ஆணி அடித்து, நூல் கட்டி, பென்சிலால் வட்டம் போட வேண்டும். குறுக்கே ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. நான்கு பாகம் ஆச்சு. ஒவ்வொரு பாகத்தையும் கவராயத்தால் சரி பாதியாக வெட்டினால் எட்டு. பாகைமானியே தேவையில்லை. நூலும் ஆணியும் கிடைத்த எந்தக் கொத்தனாரும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. அமராவதிச் சிற்பங்களில் புத்தரை மனித உருவில் காட்டாத இடங்களில், தூண் மேல் சக்கரத்தை வைத்து, இவர்தான் அவர் என்று காட்டியிருப்பார்கள். சென்னை எழும்பூர் மியூசியம் போகிறவர்கள் அந்தக் கற்களைக் கட்டாயம் பாருங்கள்.

இந்தச் சக்கரம் தங்கவயலுக்கு எப்படி வந்தது?

சுரங்க வேலைக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வந்தார்கள். என் தாத்தாவின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். பெரும்பாலோர் ஊரில் சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்ட சனங்கள். தங்கவயலில் கிடைத்ததும் அரண்மனை இல்லை, மூங்கில் தட்டி வீடுதான். சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் மாசாமாசம் கையில் காசு வந்தது, பிள்ளைகளைப் படிக்க வைக்க வழி பிறந்தது.

அந்தச் சமயத்தில் சென்னையில் அயோத்திதாச பண்டிதர் (1845-1914) ஒரு கேள்வியைக் கிளப்பினார். நம்மைத் தீண்டத்தகாதவர் என்கிறார்களே, எப்போதிலிருந்து? நாம் பூர்வ பௌத்தர்கள், தோற்றுப்போனதால் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். 1898ல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு போய் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார், சென்னை திரும்பி சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907 ஜூன் 19ல் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை வந்தது. அடுத்த வருஷமே பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. சங்கத்துக்குக் கிளைகள் முளைத்தன. அவற்றில் முக்கியமானவை எங்கள் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும்.

பண்டிதர் மறைவுக்குப் பிறகு நின்றுபோன 'தமிழன்' 1926ல் மறுபடியும் வந்தது. எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? சென்னையிலிருந்து இல்லை, தங்கவயலிலிருந்து! ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலில்தான் இருந்தது. அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னாலேயே ஷிப்ட் முடித்து வந்த தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் பஞ்சசீலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சரி, கராஜுக்கு வருவோம். டைல்ஸை வெட்டுவதற்கு என்றே ஒரு குறடு விற்கிறது. நேர்க்கோட்டுக்குச் சதுரத் துண்டு போதும். வட்டைக்கு ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவு வளைவாக வராது. முதலில் வட்டை, பிறகு குடம், பிறகு ஆரங்கள், கடைசியில் பின்னணி. துண்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பசை காய்ந்ததும் அதில் சாந்து நிரப்ப வேண்டும். வெளியே மாட்டுவதாக இருந்தால் தண்ணீர் உறிஞ்சாத போர்சலின் டைல்ஸ்தான் சரி. சாதாரண சுவர் டைல்ஸ் ஈரத்தைக் குடித்து, இந்த ஊர்ப் பனியில் உறைந்து வெடித்துவிடும்.

உடைந்த பீங்கானை வைத்துப் பெரிதாகச் செய்தவர்களைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் கோபுரங்களை 1921லிருந்து 1954 வரை தனியாளாகக் கட்டிய சைமன் ரோடியா, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி. சண்டிகரில் 1957 வாக்கில் பாறைத் தோட்டத்தை ரகசியமாகத் தொடங்கிய நேக் சந்த், பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். 1976ல்தான் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டு பேரும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். அடுத்தவர் தூக்கிப் போட்டதை எடுத்துச் சேர்த்தவர்கள்.

தங்கவயல்காரர்கள் பத்திரிகையும் புத்தகசாலையும் நடத்தியதும் கிட்டத்தட்ட இப்படித்தான். பழைய 'தமிழன்' இதழ்களைச் சில சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் 1999ல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவர முடிந்தது. 2005ல் பண்டிதருக்கு அஞ்சல்தலை வந்தது. அந்தப் பழைய தாள்களை யாராவது கிலோ கணக்கில் எடைக்குப் போட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊர் சனங்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். என்னைப் போலச் சிலர் இன்னும் தூரம் வந்துவிட்டோம். தங்கம் போன இடம் எங்களுக்குத் தெரியாது. நம் பெரியவர்கள் விட்டுப்போனது தாளும் பேச்சும்தான், அதையும் தொலைத்துவிட்டால் பிள்ளைகளிடம் மிஞ்சப்போவது அந்தப் படம் மட்டும்தான்.

எட்டு ஆரங்களுக்கும் மகள்கள் இருவரும் தமிழில் பெயர் எழுதிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள்: நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. சின்னவளுக்கு 'ற்' இன்னும் தகராறுதான் :-)

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது, தாத்தா பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய பத்திரிகையோ, சங்க ரசீதோ, நோட்டீஸோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள், பிறகு பெரியவர்கள் யாரையாவது உட்கார வைத்து அது என்னவென்று கேளுங்கள். தங்கவயல்காரர்கள் மட்டுமில்லை, தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் மில்லுக்கும் போன எல்லாக் குடும்பத்துக்கும்தான் சொல்கிறேன்.