எல்லை தாண்டினால் நின்றுவிடுமா குழந்தையின் ஜீவனாம்சம்? சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: குழந்தையின் பராமரிப்புக்கு மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையைத் தரவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடுகிறது. சில மாதங்களில் தந்தை வேறு மாநிலத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விடுகிறார். இரண்டொரு முறை பணம் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஆணை பெற்ற ஊரிலேயே மனு மேல் மனு போட்டு, 'முகவரியில் இல்லை' என்ற குறிப்புடன் திரும்பி வரும் அழைப்பாணைகளைச் சேர்த்து வைத்திருக்கும் தாய்மார்களைக் குடும்பநல நீதிமன்ற வளாகங்களில் சாதாரணமாகக் காணலாம். இந்திய நீதிமன்றம் பிறப்பித்த பராமரிப்பு ஆணை மாநில எல்லையோடு முடிந்துவிடுவதில்லை என்பது அவர்களில் பலருக்கும் சொல்லப்படுவதில்லை. நாட்டின் எல்லையைத் தாண்டும்போதுதான் அந்த ஆணை வலுவிழக்கத் தொடங்குகிறது.

எந்த ஊர் நடுவரும் நிறைவேற்றலாம்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக நடைமுறையில் உள்ளது. பெற்றோர் திருமணம் செய்துகொண்டவர்களா இல்லையா என்ற வேறுபாடின்றி, தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள இயலாத குழந்தை இதன்கீழ் பராமரிப்புக் கோரலாம். மதவேறுபாடும் இதில் இல்லை.

எல்லை தாண்டிய வசூலுக்கு அடிப்படை 147-ஆவது பிரிவு. ஆணையின் நகல் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். ஆணைக்கு உட்பட்டவர் எந்த இடத்தில் இருக்கிறாரோ, அந்த இடத்து நடுவர் அதை நிறைவேற்றலாம் என்கிறது அப்பிரிவு. லக்னோவில் ஆணை பெற்ற தாய், தந்தை சூரத்தில் வேலை செய்தால், சூரத் நீதிமன்றத்தையே அணுகலாம் என்பது இதன் பொருள். குடும்பநல நீதிமன்றம் உள்ள இடங்களில் இந்த அதிகாரத்தை அந்நீதிமன்றமே செலுத்தும். அங்கே பார்க்கப்படுபவை இரண்டே கேள்விகள்: இவர் ஆணையில் குறிப்பிடப்பட்ட அதே நபரா? பணம் பாக்கி இருக்கிறதா? தொகை சரியானதா என்ற பழைய வழக்கை அங்கே மறுபடியும் நடத்த முடியாது. வருமானம் குறைந்துவிட்டது என்று தந்தை கருதினால், 146-ஆவது பிரிவின்கீழ் தொகையை மாற்றக் கோரி அவர் தனியாக மனுச் செய்ய வேண்டும். அதுவரை பழைய தொகையே செல்லும்.

வேறு ஊருக்குச் செல்ல வசதியில்லாத தாய்க்கு இன்னொரு வழியும் உண்டு. பாக்கியை அபராதம் போல வசூலிக்கச் சட்டம் அனுமதிப்பதால், ஆணையிட்ட நீதிமன்றமே ஜப்தி வாரண்ட் பிறப்பிக்கலாம். சொத்து வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ இருந்தால், அங்குள்ள மாவட்ட மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் பெற்று அந்த வாரண்டைச் செயல்படுத்தலாம். தாளில் எளிமையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, நடைமுறையில் இரு மாநிலக் காவல் நிலையங்களுக்கும் இரு அலுவலகங்களுக்கும் இடையே பல மாதங்கள் அலைவதுண்டு. தந்தையின் தற்போதைய பணியிடம், சொத்து விவரம் ஆகியவற்றைத் திரட்டித் தரும் சுமையும் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகிறது.

ஓராண்டுக் கெடு

வசூல் வாரண்ட் கோரும் மனுவை, தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்ற வாக்குறுதியை நம்பிக் காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். எனினும் இந்தக் கெடு அந்த ஒரு வழிமுறைக்கு மட்டுமே பொருந்தும். பணம் பெறும் உரிமையே அழிந்துவிடுவதில்லை என்று, தமிழகத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தெளிவுபடுத்தியது.

வாரண்டுக்குப் பிறகும் பணம் வராவிட்டால், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை அல்லது பணம் கட்டப்படும் வரை சிறையில் அடைக்கலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்தது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. சிறை என்பது வசூலுக்கான கருவியே தவிர, பாக்கிக்கு ஈடு அன்று என்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது.

மாதச் சம்பளக்காரராக இருந்தால், சிறையைவிடச் சம்பளத்தைப் பிடிப்பதே பயன் தரும். சிறையில் இருப்பவரால் சம்பாதிக்க இயலாது என்பது வெளிப்படை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, குழந்தைகளுக்கான பராமரிப்புக்கும் வழிசெய்கிறது. தொகை கட்டப்படாவிட்டால், சம்பளத்திலிருந்து பிடித்து நேரடியாகச் செலுத்துமாறு தந்தையின் முதலாளிக்கு நடுவர் உத்தரவிடலாம். இச்சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்படும் ஆணைகள் இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் என்று 27-ஆவது பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. உரிமையியல் தீர்ப்பாணை பெற்றிருந்தால் இன்னொரு சாதகமும் உண்டு. சாதாரணக் கடன் வழக்கில், சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்தியிலிருந்து காக்கப்படுகின்றன. பராமரிப்புத் தீர்ப்பாணையில் காக்கப்படுவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

பராமரிப்பு ஆணைகளை உரிமையியல் தீர்ப்பாணைகளைப் போலவும் நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று அளித்த தீர்ப்பு இந்த வழியை அகலமாக்கியது. இரு தரப்பினரும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுச் செய்த நாளிலிருந்தே பராமரிப்புத் தொகை கணக்கிடப்பட வேண்டும் என்பவையும் அத்தீர்ப்பின் கட்டளைகள். பின்னாளில் தந்தை வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால், அவர் கையெழுத்திட்ட அந்தப் பத்திரமே தாயின் கையிலுள்ள முதல் தடயம்.

வெளிநாடு சென்றுவிட்டால்

தந்தை வெளிநாட்டில் இருந்தாலும் வழக்குத் தொடுக்கத் தடையில்லை. தாய் வசிக்கும் ஊரிலேயே மனுத் தாக்கல் செய்யலாம். ஆப்பிரிக்காவில் காவல் துறைப் பணியில் இருந்த ஒருவர், இங்குள்ள நீதிமன்றத்துக்குத் தம்மீது அதிகாரம் இல்லை என்று வாதிட்ட வழக்கில், தற்காலிகமாகத் தங்குவதும் சட்டத்தின் பார்வையில் வசிப்பதே என்று உச்ச நீதிமன்றம் 1963-இல் கூறி, அவர் வாதத்தை நிராகரித்தது. சிக்கல் ஆணை பெறுவதில் அன்று. அதை அந்நிய மண்ணில் செயல்படுத்துவதில்தான் இருக்கிறது.

பரஸ்பர ஏற்பாட்டுக்கென ஒரு சட்டம் இந்தியாவிடம் இருக்கிறது. அது 1921-ஆம் ஆண்டின் பராமரிப்பு ஆணைகள் அமலாக்கச் சட்டம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பகுதிகளுக்கிடையே ஆணைகளை அனுப்பவும் பதிவு செய்யவும் வகுக்கப்பட்ட இச்சட்டம், உரிய ஏற்பாடு அறிவிக்கப்பட்ட நிலப்பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். குழந்தையின் தந்தை யார் என்று நிர்ணயிக்கும் ஆணைகளை அது ஏற்பதில்லை. நூறாண்டு கடந்த ஏட்டை நம்பி இன்றைய வழக்கை நடத்துவது எளிதன்று.

மறுதிசையில், வெளிநாட்டுத் தீர்ப்பை இந்தியாவில் நிறைவேற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு உதவுகிறது. பிரிட்டன், சிங்கப்பூர், நியூசிலாந்து, ஹாங்காங் போன்ற அறிவிக்கப்பட்ட நிலப்பகுதிகளின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்பாணைகளை, இந்திய மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாணைகளாகவே கருதி நிறைவேற்றலாம். ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் இப்பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்கா பட்டியலில் இல்லை. அங்கே ஆணை பெற்ற தாய், இந்தியா திரும்பிவிட்ட தந்தைமீது அந்தத் தீர்ப்பின் அடிப்படையில் புதிதாக வழக்குத் தொடர வேண்டும்; 13-ஆவது பிரிவின் ஆறு விதிவிலக்குகளில் எதுவும் குறுக்கிடாமல் இருக்கவும் வேண்டும்.

குழந்தைகளின் பராமரிப்புத் தொகையை நாடு விட்டு நாடு வசூலிப்பதற்கென்றே 2007 நவம்பர் 23 அன்று தி ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் ஒரு மைய அலுவலகத்தை நியமித்து, மனுக்களைப் பெற்று, கடன்பட்டவரைத் தேடிக் கண்டறிந்து, வசூலுக்கும் உதவ வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் அமெரிக்காவும் அதில் உள்ளன, இந்தியா சேரவில்லை. எனவே இந்தியத் தாய் அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தையும் அங்குள்ள வழக்கறிஞரையும் நாட வேண்டியிருக்கிறது.

இந்திய நீதிமன்றங்களின் தீர்ப்பாணைகள் வெளிநாட்டிலும் நிறைவேறப் பரஸ்பர ஒப்பந்தங்கள் தேவை என்றும், மனைவிக்குரிய ஜீவனாம்சத்தைக் கணவரின் உள்நாட்டுச் சொத்திலிருந்தும் வெளிநாட்டுச் சொத்திலிருந்தும் பெறச் சட்டம் வழிவகுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1994-இல் யோசனை கூறியது. முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இப்போதைக்குக் கையில் உள்ள நெம்புகோல் பாஸ்போர்ட். நீதிமன்றம் பிடியாணையோ அழைப்பாணையோ பிறப்பித்திருந்தால், 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்கீழ் பாஸ்போர்ட்டை முடக்கவோ ரத்து செய்யவோ அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. இந்தியக் குடியுரிமையைத் துறந்தவரிடம் இது செல்லாது. வெளிநாடுவாழ் இந்தியர்களின் திருமணப் பிரச்சினைகளுக்காகத் தேசிய மகளிர் ஆணையம் 2009 முதல் தனிப் பிரிவை நடத்திவருகிறது. புகார்களைத் தூதரகங்களுக்கும் உரிய அமைச்சகங்களுக்கும் அது அனுப்பி வைக்கிறது.

உள்நாட்டிலுள்ள சொத்தையும் மறந்துவிடலாகாது. தந்தை வெளிநாட்டில் இருந்தாலும், அவர் பெயரில் இங்குள்ள வீடு, நிலம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஜப்தி செய்ய எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை.

வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் பதிவு மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. 30 நாள்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்வதையும், அழைப்பாணைகளை வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் வெளியிட்டாலே சேர்ப்பித்ததாகக் கொள்வதையும் அது முன்மொழிந்தது. அதைப் பரிசீலித்த சட்ட ஆணையம், 2024 பிப்ரவரியில் அளித்த 287-ஆவது அறிக்கையில், குழந்தைகளின் பொறுப்பு, பராமரிப்பு, அழைப்பாணை சேர்ப்பித்தல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய விரிவான மத்தியச் சட்டம் தேவை என்று பரிந்துரைத்துள்ளது.