பூட்டிய கதவும் கண்ணீர்ப்புகையும்

"கண்ணீர்ப்புகை ஆளைக் கொல்லாது" என்று சொல்லித்தான் உலகமெங்கும் பொலிஸார் கையில் அதைக் கொடுத்திருக்கிறார்கள். 2022 இல் கொழும்பில் அதை முகர்ந்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். கண் எரிந்ததைவிட மூச்சு அடைத்த பயத்தைத்தான் அவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். அந்தப் பயத்தை நாம் சின்ன விசயமாக எடுக்கக் கூடாது.

1964 மே 24, பெருவின் லிமா நகரம். ஒலிம்பிக் தகுதிகாண் உதைபந்தாட்டப் போட்டி. ஆர்ஜென்டீனா 1-0 என முன்னிலை. முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் பெரு போட்ட கோலை நடுவர் மறுத்தார். இருவர் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். அவர்களைப் பொலிஸார் நடத்திய விதத்தைப் பார்த்துக் கூட்டம் கொதித்தது. பொலிஸார் சனம் நிறைந்த அரங்குக்குள்ளேயே கண்ணீர்ப்புகைக் குண்டுகளை அடித்தார்கள்.

சனம் படிக்கட்டுகளால் கீழே ஓடியது. அடியில் இரும்புக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. முன்னால் நின்றவருக்குத் திரும்ப வழியில்லை. பின்னால் வந்தவருக்குக் கதவு பூட்டியிருப்பது தெரியாது. அரச கணக்கின்படி 328 பேர் மௌத்தானார்கள். பெரும்பாலானோர் நெரிபட்டு மூச்சுத் திணறியே இறந்தார்கள்.

ஏன் இப்படி? இன்று பரவலாகப் பாவிக்கும் சீ.எஸ் வகைப் புகை பட்ட சில விநாடிகளில் கண் தானாக மூடிக்கொள்ளும், நெஞ்சு இறுகும். உயிர் போகிறது என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. இதயம் படபடக்க, மூச்சு வேகமாகிறது. வேகமாக இழுக்க இழுக்க இன்னும் புகை உள்ளே போகிறது. நின்று யோசிக்க முடியாது. வந்த வாசலையே கால் தேடும். வெட்டவெளியில் இந்த ஓட்டத்தை நம்பித்தான் கூட்டத்தைக் கலைக்கிறார்கள். ஆக, பீதி என்பது இந்த ஆயுதத்தின் பக்கவிளைவு அல்ல, அதன் வேலையே அதுதான். நாலு பக்கமும் அடைத்த இடத்தில் அதே ஓட்டம் எங்கே போகும்?

2001 மே 9 இல் கானாவின் அக்ராவிலும் இதே கதை. 120 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 ஒக்டோபர் 1 இல் இந்தோனேசியாவின் மலாங்கில் 135 பேர், சிறுவர்களும் அதில் அடக்கம். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபீஃபாவின் விதியே இருந்தது. அதன் பிறகும் பொலிஸ் தரப்பு சொன்னது, இறந்தது புகையால் அல்ல, ஒட்சிசன் குறைவால் என்று!

லிமாவில் உத்தரவிட்ட அதிகாரிக்கு 30 மாதச் சிறை கிடைத்தது. மலாங் வழக்கில் 2023 மார்ச்சில் இரு பொலிஸ் அதிகாரிகள் விடுதலையானார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்து இருவருக்கும் சிறைத்தண்டனை விதித்தது.