கார் சாவி தொலைஞ்சுபோச்சா? பதறாம செய்ய வேண்டியது என்ன... ரெண்டாவது சாவி ஏன் அவ்வளவு முக்கியம்? முழு விவரம்!

திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் மலைக்கோவில். 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி, சாமி கும்பிட்டு, மூச்சு வாங்க கீழே இறங்கி வர்றீங்க. கார் கிட்ட வந்து பாக்கெட்டில் கையை விட்டால்... சாவி இல்லை!

படியில் விழுந்ததா, சங்கு தீர்த்தக் குளக்கரையில் கால் கழுவும்போது நழுவியதா, குரங்கு பையைப் பிடுங்கியபோது போனதா, எதுவும் தெரியாது. அங்கிருந்து மாமல்லபுரம் போய் கடலில் கால் நனைக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சாவி தொலையாது, பாக்கெட்டிலேயே உப்புத் தண்ணியில் ஊறிவிடும்.

முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை, பூட்டு ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுத்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இப்போ அப்படி இல்லை. ஏன்? தொலைஞ்சா என்ன செய்யணும்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

கார் சாவிக்குள் அப்படி என்னதான் இருக்கு?

இப்போதைய பெரும்பாலான கார் சாவிகளில் 3 வேலைகள் ஒன்றாக இருக்கின்றன.

1. இரும்புப் பகுதி: கதவையும் ஸ்டார்ட் செய்யும் பூட்டையும் திருப்புவது.

2. ரிமோட்: தூரத்தில் இருந்து கதவைத் திறப்பது, பூட்டுவது. இதற்கு பேட்டரி வேண்டும். ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் புது ரகசிய எண் போகும். பழைய சிக்னலைப் பதிவு செய்து திருடன் பயன்படுத்த முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

3. சிப்: அரிசி மணி அளவுக்குக்கூட சின்னதாக இருக்கும். இதற்கு பேட்டரி தேவையில்லை. சாவியை நுழைத்ததும், பூட்டைச் சுற்றி இருக்கும் காயிலில் இருந்து சிப்புக்கு மின்சக்தி கிடைக்கும். சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டருக்கு அது தெரிந்த எண் என்றால் மட்டுமே இன்ஜின் ஓடும். இந்தப் பாதுகாப்புக்குப் பெயர் இம்மொபிலைசர்.

அதனால்தான், பல்லை அச்சு அசலாக வெட்டிய டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும். ஆனால் இன்ஜின் ஓடாது.

இந்தச் சின்ன சிப் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. ஐரோப்பாவில் 1998 முதலே புது கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயம் இல்லை. அங்கே இது இல்லாமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்களை சிறுவர்கள்கூட யூ.எஸ்.பி. கேபிள் முனையை வைத்து ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போனார்கள். 2021, 2022-ல் அந்த வீடியோக்கள் சமூக வலைதளங்களில் பரவி பெரிய தலைவலியானது.

சாவி காணோம்... முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்யணும்?

* முதலில் காரின் கதவுகளையும் டிக்கியையும் இழுத்துப் பாருங்கள். சாவி உள்ளேயே இருக்கலாம்.

* கடைசியாக உட்கார்ந்த இடம், கடை, கோவில் அலுவலகம், செருப்பு விடும் இடம் எல்லாவற்றிலும் கேளுங்கள். உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாங்க. கார் நம்பரைச் சொல்ல வேண்டாம். சாவியும் நம்பரும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து.

* வீட்டில் இரண்டாவது சாவி இருந்தால், தெரிந்தவர் மூலம் வரவழைப்பதுதான் செலவு குறைந்த வழி.

* காரை அங்கேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாவியை எடுத்தவர் பக்கத்திலேயே இருக்கலாம். யாராவது ஒருவர் காவலுக்கு இருக்கட்டும்.

* இன்சூரன்ஸில் சாலையோர உதவி எடுத்திருந்தால், பாலிசியில் இருக்கும் உதவி எண்ணை அழையுங்கள். கதவைத் திறந்துகொடுப்பது, வண்டியைக் கட்டி இழுத்துப் போவது இதில் வரலாம்.

உள்ளே குழந்தை மாட்டிக்கிட்டா?

யோசிக்கவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். உடனே 112-ஐ அழையுங்கள். குழந்தை சோர்ந்துபோனால் உதவி வரும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தையிடம் இருந்து தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியை, ஓரத்தில் அடித்து உடையுங்கள். முன்பக்கப் பெரிய கண்ணாடியில் அடிக்க வேண்டாம், அது லேசில் உடையாது. கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.

புது சாவி எங்கே வாங்குவது? எவ்வளவு ஆகும்?

ஷோரூம் சர்வீஸ் சென்டர்: ஆர்.சி., அடையாள அட்டை, மீதமுள்ள சாவி ஆகியவற்றோடு உரிமையாளர் போக வேண்டும். நிறுவனத்தில் இருந்து சாவி வர சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். ஆர்.சி. காருக்குள் மாட்டிக்கொண்டால், டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் இருப்பதைக் காட்டலாம்.

வெளியே கோடிங் செய்பவர்: சிப்பில் எண்ணைப் பதிவு செய்யும் கருவி வைத்திருக்கும் சாவிக்காரர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். சீக்கிரம் முடியும், செலவும் குறையும். ஆனால் நம்பகமான ஆளா என்று பாருங்கள். அவர் உங்களிடம் ஆர்.சி. கேட்கவில்லை என்றால், நாளைக்கு உங்கள் காருக்கு சாவி கேட்டு வருகிறவரிடமும் கேட்க மாட்டார்!

செலவு: சிப் இல்லாத சாதாரண சாவிக்கு சில நூறு ரூபாய். சிப், ரிமோட் இருந்தால் சில ஆயிரங்கள். பட்டன் ஸ்டார்ட் காரின் ஸ்மார்ட் சாவி என்றால் 10,000 ரூபாயைத் தாண்டுவதும் உண்டு.

பழைய ரிமோட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன் விசாரியுங்கள். பல ரிமோட்டுகள் ஒரு காரில் பதிவான பிறகு வேறு காரை ஏற்காது.

ஒரு சாவி இருக்கே, போதும்னு விடலாமா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறோம். இரண்டில் ஒன்று தொலைந்தால், மீதி ஒன்றை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம். அதில் 3 சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, கையில் ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்று பதிவு செய்வது சுலபம். அதுவும் போய்விட்டால், காரையே கட்டி இழுத்துப் போகணும். சில மாடல்களில் பூட்டு செட், இம்மொபிலைசர் பாகம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். செலவு பல மடங்கு.

இரண்டாவது, தொலைந்த சாவியின் எண் இன்னும் காரின் நினைவகத்தில் இருக்கிறது. எடுத்தவர் உங்கள் காரைக் கண்டுபிடித்தால், அவருக்கும் அது திறக்கும், ஓடும். அதனால் புது சாவி போடும்போதே 'பழைய சாவியை அழிச்சிடுங்க' என்று கேட்டு வாங்குங்கள். அப்படி அழித்தாலும், இரும்புப் பகுதி கதவைத் திறக்கும். காருக்குள் விலை உயர்ந்த பொருளை வைக்காதீர்கள்.

மூன்றாவது, இன்சூரன்ஸ். கார் திருடுபோனால் நிறுவனம் முதலில் கேட்பதில் ஒன்று, 2 ஒரிஜினல் சாவிகள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் 'இன்னொன்று எங்கே?' என்ற கேள்வி வரும். கையில் ஆதாரம் இல்லை என்றால் பணம் இழுபறியாகும்.

அப்போ என்ன ஆதாரம் வச்சுக்கணும்?

சாவி தொலைந்த உடனே, அந்தப் பகுதி காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் இமெயில் அனுப்புங்கள். புது சாவிக்கான பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சாவி மாற்றுவதற்கான தனி கவர் எடுத்திருந்தால், செலவைத் திரும்பப் பெறவும் இந்தக் காகிதங்கள்தான் உதவும்.

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவதும் பிரச்னைதான். அப்படித் திருடுபோன ஒரு லாரி வழக்கில், 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 75 சதவீதத் தொகையைக் கொடுக்கச் சொன்னது. முழுசா கைவிரிக்கவில்லை. ஆனால் கால் பங்கு போனது போனதுதான்.

தேய்ஞ்ச சாவி, நனைஞ்ச ரிமோட்

* சாவியை ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியிருக்கிறதா? பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை வைத்தே டூப்ளிகேட் எடுத்தால், தேய்மானமும் சேர்ந்து நகலாகும். பல கார்களுக்கு, வாங்கும்போதே சாவி எண் பொறித்த சின்ன வில்லை தருவார்கள். அந்த எண்ணை வைத்து வெட்டினால் புதுசு போல இருக்கும். அதைக் காருக்குள் வைக்காதீர்கள், போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

* சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் தொங்கவிட வேண்டாம். அந்தக் கனம் பூட்டைத் தேய்க்கும்.

* ரிமோட் தூரத்தில் இருந்து வேலை செய்யவில்லை என்றால் பேட்டரி தீரப்போகிறது. பலவற்றில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரிதான் இருக்கும். பழையதில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

* பட்டன் ஸ்டார்ட் காரில் பேட்டரி முழுசா போனாலும் பயம் வேண்டாம். ஸ்மார்ட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி கதவைத் திறக்கலாம். பல கார்களில் ஸ்மார்ட் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே வைத்து அழுத்தினால் இன்ஜின் ஓடும்.

* கடல் தண்ணீரில் நனைந்தால் பட்டனை அழுத்தாதீர்கள். உடனே பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, புது பேட்டரி போடுங்கள். அரிசியில் புதைத்தால் உப்பு போகாது.

பழைய கார் வாங்குறீங்களா?

2 சாவியையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், காரின் நினைவகத்தில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய சாவிகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்துகொள்வது நல்லது.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து, ஒரு முறை காரை ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதை வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஊருக்குப் போகும்போது 2 சாவியையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போக மட்டும் வேண்டாம்!