சேரிப் பேச்சென்ற பெயர்

'வாழைப்பழம்' என்பதைச் சென்னையில் நம்மவர் 'வாயப்பயம்' என்றால் நகைப்போர் பலர். தென்மாவட்டங்களில் பல சாதியாரும் 'வாளப்பளம்' என்பர். அதற்கு அத்துணை நகைப்பில்லை. ழகரம் திரிந்தது ஈரிடத்தும் ஒன்றே. 'வந்தீர்கள்' என்பது அக்கிரகாரத்தில் 'வந்தேள்' எனக் குறுகியது. அதனைச் சேரிப் பேச்சென்று எவரும் இகழ்ந்தாரில்லை. இகழப்பட்டது ஒலியன்று, ஒலித்த வாய்.

வில்லியம் பிரைட், ஏ. கே. இராமானுஜன் இருவரும் 1964இல் வெளியிட்ட ஆய்வு, பிராமணர் வழக்கும் ஏனையோர் வழக்கும் தத்தம் போக்கில் மாறிவந்தவையே எனக் காட்டிற்று. பிராமணர் வழக்கில் பிறமொழிச் சொற்கள் மிகுதியாகப் புகுந்தன என்பதும் அதிலுண்டு. தூய்மை பேசுவோர் இதனைச் சொல்வதில்லை!

எழுத்துத் தமிழும் நமக்கு அயலன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைச் சான்று காட்டியே சாதியை மறுத்தெழுதினார். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நூலிலோ, நம் மக்களின் பேச்சே அச்சேறிற்று.

ஆயினும், உச்சரிப்புக்கு அஞ்சி வகுப்பில் விடை தெரிந்தும் வாய்திறவாத பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். நமது மாலை வகுப்பில் அவர்களுக்குத் தேர்வுக்குரிய எழுத்துத் தமிழைக் கற்பிக்கிறோம். தாயிடம் பேசும் பேச்சைத் திருத்துவதில்லை.