காகித மகுடமும் பழவேற்காட்டுக் கரையும்

வண்ணத் தாளை நீளவாக்கில் வெட்டி, மேல்விளிம்பைக் கூர்கூராக நறுக்கி, இரு முனைகளையும் பசையிட்டு ஒட்டினால் மகுடம் ஒன்று உருவாகிவிடும். அதனைத் தலையில் அணிந்த நொடியே குழந்தை அரசனாகிறது. சிறார்க்கு அரசரை அறிமுகப்படுத்தும் எளிய வழி இது. ஆயின் அக்கூர்முனை வடிவம் ஐரோப்பியப் படநூல்களிலிருந்து வந்ததாகும். பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிறார்க்கு அரசு இன்னதென உணர்த்தும் சான்றுகள் அவர்தம் மண்ணிலேயே உள்ளன.

தமிழ் மரபில் வேந்தரின் அடையாளம் பொன்முடி மட்டுமன்று, பூவும் ஆகும். பனம்பூ, வேம்பு, ஆத்தி ஆகியவற்றை மூவேந்தர் சூடிய பூக்களாகத் தொல்காப்பியம் சுட்டுகிறது. பழவேற்காடு அடங்கிய தொண்டை நாட்டுக்கோ கொடியே அடையாளமாயிற்று. பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதை உண்டு. சோழனுக்கும் நாகர் மகளுக்கும் பிறந்த குழந்தை, தொண்டைக் கொடி அடையாளமாகக் கட்டப்பெற்றுக் கடலில் விடப்பட்டது. திரை கரைசேர்த்தமையால் திரையன் எனப் பெயர் பெற்றது. இது மரபுக்கதையே எனினும், கடலோடு வாழும் சிறார்க்கு நெருக்கமானது. கடல் தந்த பிள்ளை நாடாண்டான் என்பதே அதன் கருத்து.

இப்பகுதியினர் மன்னனை நேரில் கண்ட இடம் தெருக்கூத்துக் களம். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிய கிரீடத்துடன் துரியோதனன் வந்தான். விடிந்ததும் கிரீடம் பெட்டிக்குள் போயிற்று. வேடமிட்டவர் தம் தொழிலுக்குத் திரும்பினார். முடி நிலையானதன்று என்னும் பாடம் அதனுள் அடங்கியிருந்தது.

வரலாறும் அதனையே மெய்ப்பித்தது. விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடபதி ராயர் 1610-இல் டச்சுக்காரர்க்குப் பழவேற்காட்டில் வணிக உரிமை அளித்தார். 1612-இல் போர்த்துகீசியர் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கினர். 1613-இல் கெல்திரியா கோட்டை எழுந்தது. வேங்கடபதி 1614-இல் மறைந்தார். அரியணைக்காக உள்நாட்டுப் போர் மூண்டது. கோட்டையில் ஆணை செலுத்தியதோ முடிமன்னன் அன்று. 1602-இல் தோன்றிய வணிகக் கம்பெனி. அது துணியை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. பஞ்சத்தாலும் போராலும் நலிந்த மக்களையும் அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. மகுடம் அணியாத அதிகாரமும் கொடியதாகலாம் என்பதைக் குழந்தைக்குச் சொல்லாமல் விடும் அரச வரலாறு குறையுடையதே.

கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகவும் அகழியாகவும் எஞ்சியுள்ளது. அதன் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பம் வாழ்கிறது. அங்கும் ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களிலும் ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் வழக்கம் நிலவி வந்துள்ளது. வளமான இடம் ஒருவர்க்கே நிலைத்துவிடாமல் முறை மாறும். அம்முறையில் இடம்பெறாத மீனவரும் உளர், பூசல்களும் நேர்ந்ததுண்டு. எனினும், முடிசூடிய தலைவர் இன்றியே நீரைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்சி நுட்பம் அதில் உண்டு.

ஆகவே, சிறார்க்குக் காகித மகுடம் செய்து தருவது நன்றே. அதன் விளிம்பில் தொண்டைக் கொடியையும் பனம்பூவையும் வரையச் செய்தல் இன்னும் நன்று. ஒரு குழந்தை அணிந்தபின் அடுத்த குழந்தைக்கு முறைவைத்து அதனை மாற்றித் தரும்போதுதான் பழவேற்காட்டின் வரலாறு முழுமையாகக் கற்பிக்கப்படும்.